பவரான கார் கையில இருக்கு, ஓட்டக் கத்துக்கறது எப்டி? ஆட்டோகிராஸ் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, ஈர ரோட்டுல ஒரு தடவ பின்பக்கம் வழுக்கி வெலவெலத்துப் போனவங்க, எல்லாரும் எங்கிட்ட கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. நான் ஆட்டோகிராஸ் ஓட்ட ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு. என் கார் மிட் இன்ஜின் (இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, பின் அச்சுக்கு முன்னாடி), ரியர் வீல் டிரைவ் (பின் சக்கரம்தான் தள்ளும்). இப்ப புதுசா வர்றவங்களுக்கு பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லியும் குடுக்கறேன். கீழ இருக்கறதெல்லாம் அந்த ரெண்டு சீட்லயும் உக்காந்து பாத்தது.

ஆட்டோகிராஸ்னா என்ன, ரேஸா?

பக்கத்துல இன்னொரு காரோட முட்டி மோதி போற ரேஸ் இல்ல. பெரிய காலி இடம் ஒண்ணு, பார்க்கிங் லாட் இல்லன்னா பழைய விமான ஓடுதளம், அங்க ஆரஞ்சு கலர் கோனா அடுக்கி ஒரு பாதை போட்டுருப்பாங்க, அதுல ஒவ்வொரு காரா விடுவாங்க (இடம் ரொம்ப பெருசா இருந்தா ரெண்டு மூணு காரை நல்லா இடைவெளி விட்டு அனுப்புவாங்க). போட்டி கடிகாரத்தோடதான். ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒளிக்கற்றை இருக்கும், அதை வெட்டிட்டுப் போனா நேரம் ஒரு செகண்டோட ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் பதிவாகும். ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிஷத்த ஒட்டி முடிஞ்சிடும். கோனைத் தட்டினா தண்டனை நேரம் உண்டு, அமெரிக்காவுல எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) இத 'சோலோ'ங்கற பேர்ல நடத்துது, அவங்க விதிப்படி ஒரு கோனுக்கு 2 செகண்ட். ரெண்டு கோனுக்கு நடுவுல போக வேண்டிய வழிக்கு கேட்னு பேரு, அப்டி ஒரு கேட்டையே விட்டுட்டுப் போயிட்டா அந்த ரன் கணக்குலயே வராது.

ஒரு விஷயம், சில நாடுகள்ல ஆட்டோகிராஸ்னு சொன்னா மண் தரையிலயோ புல் தரையிலயோ ஓட்டறதுதான். பிரிட்டன்ல தார் தரையில கோன் வெச்சு ஓட்டறதுக்கு ஆட்டோசோலோன்னு பேரு. நான் இங்க பேசறது முழுக்க தார், கான்கிரீட் தரையில கோனுக்கு நடுவுல ஓட்டறத பத்தி.

அதுக்கு நேரா ரேஸ் டிராக்குக்கே போயிடலாமே?

போலாம், ஆனா அங்க போய் எதைக் கத்துக்கப் போறீங்கன்னு யோசிங்க. கார் கன்ட்ரோல் கத்துக்கணும்னா காரோட எல்லைய, அதாவது டயர் பிடிமானம் விடற இடத்தைத் தாண்டணும், தாண்டி வழுக்கவிட்டுப் பிடிக்கணும், பிடிக்க முடியாமப் போகணும், திரும்ப அதையே செய்யணும். மணிக்கு 180 கிலோமீட்டர்ல போற காருக்குள்ள இருக்கற ஆற்றல் 60-ல போற காரை விட 9 மடங்கு, ஏன்னா வேகம் மூணு மடங்கானா ஆற்றல் மூணோட வர்க்கமாத்தான் கூடும். டிராக்குல புதுசா வர்றவன் எல்லைக்குப் பக்கத்துலயே போகக் கூடாதுன்னுதான் நல்ல இன்ஸ்ட்ரக்டர் யாரும் சொல்லுவாங்க, அது சரியும் கூட. ஆட்டோகிராஸ்ல முதல் நாளே, முதல் ரன்லயே எல்லையத் தாண்டிடுவீங்க, தாண்டினா ஒரு கோன் உருளும், அவ்ளோதான். பாதை போடறவங்களே சுவரு, விளக்குக் கம்பத்துக்கெல்லாம் நல்ல தூரம் விட்டுத்தான் போடுவாங்க.

இங்க கிடைக்காதது எதுன்னும் சொல்லிடறேன். நாலாவது கியர்ல நீளமான வளைவுல கார் எப்டி நிக்குது, பிரேக் சூடேறி மங்கறப்ப கால்ல என்ன தெரியும், பக்கத்துல வர்ற காரை எப்டி கவனிக்கறது, இதுக்கெல்லாம் டிராக்குக்குத்தான் போகணும். என் கருத்து, ஒரு சீசனாவது கோனுக்கு நடுவுல ஓட்டிட்டு அப்புறம் டிராக்குக்குப் போங்க. அப்டி வந்தவங்களையும் நேரா வந்தவங்களையும் பக்கத்து சீட்ல இருந்து பாத்திருக்கேன், பின்பக்கம் லேசா நழுவற அந்த ஒரு நொடியில யாரு எங்க இருந்து வந்தவங்கன்னு கையப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

நாள் முழுக்க வெயில்ல நின்னு மொத்தமே ஆறு நிமிஷம் ஓட்டறதா?

ஆமா, அது உண்மைதான், பல இடத்துல நாலுல இருந்து ஆறு ரன்தான் கிடைக்கும். அந்த ஆறு நிமிஷத்த ஆறு மணி நேரமா ஆக்கறது உங்க கையில இருக்கு. நல்லா ஓட்டறவங்க காருல பக்கத்துல உக்கார அனுமதி இருந்தா உக்காருங்க, எத்தனை பேரோட முடியுமோ அத்தனை பேரோட. கோன் எடுத்து வெக்கற வேலை எல்லாருக்கும் ஒரு சுற்று வரும், அதை சும்மா கடனேன்னு செய்யாதீங்க, அந்த ஒரே வளைவுல நாப்பது கார் போறத தரையில நின்னு பாக்கறது பெரிய பாடம். வேகமான கார் சத்தம் குறைவா, அலட்டாமப் போகும், மெதுவான கார்தான் டயர் கதறக் கதறப் போகும். போட்டி இல்லாத பயிற்சி நாள்னு சில குழுக்கள் நடத்துவாங்க, அது கிடைச்சா விடாதீங்க, அதுல ஒரே வளைவ இருபது முப்பது தடவ சுத்தலாம்.

500 குதிரைசக்தி கார், கத்துக்கறதுக்கு ரொம்ப அதிகமா?

கத்துக்க முடியும், ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் வரும், காரணத்தை நேரா சொல்றேன்.

பவர் தப்பை மூடி மறைக்கும். வளைவுல தப்பான இடத்துல நுழைஞ்சு, கோனுக்கு அந்தப் பக்கம் அகலமா வெளிய வந்து, அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா காரு பிச்சுக்கிட்டுப் போகும், உங்களுக்கு நல்லா ஓட்டின மாதிரியே இருக்கும். 1,100 கிலோ கூட இல்லாத ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5-ல அதே தப்பு பண்ணினா நேராப் போற இடம் முழுக்க அந்தத் தப்போட வலி தெரியும், போன வேகம் திரும்ப வரவே வராது. அதனாலதான் சின்ன பவர் கார்ல பழகினவங்க வேகத்த வீணாக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, பவரான கார் ரெண்டு வளைவுக்கு நடுவுல இருக்கற இடத்தை சுருக்கிடும், யோசிக்க நேரம் இருக்காது. மூணாவது, இந்த மாதிரி காருங்க அகலமான, ஒட்டற டயரோட வரும், அதோட எல்லை உயரத்துல இருக்கும், அங்க இருந்து விழறப்ப சட்டுனு விழும்.

அதுக்காக வேற கார் வாங்குங்கன்னு சொல்லல, உங்க காரைத்தான் நீங்க தினமும் ஓட்டப் போறீங்க, அதை அறியணும்னா அதுலதான் பழகணும். ஆக்ஸிலரேட்டரை ரொம்ப கூர்மையாக்கற மோடு இருந்தா அதை விட்டுட்டு, மிதிக்கற அளவுக்கு மட்டும் பவர் தர்ற மோடுல வெச்சுக்கோங்க. ரெண்டாவது கியர்ல போட்டு அப்டியே விட்டுருங்க, பெரும்பாலான பாதைக்கு அது போதும். முதல் சில நாள் ஆக்ஸிலரேட்டரை பாதிக்கு மேல மிதிக்காம ஓட்டிப் பாருங்கன்னு எங்கூட வர்றவங்ககிட்ட நான் சொல்லுவேன், முகம் சுருங்கும், ஆனா நேரம் பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.

கார் கன்ட்ரோல் கார் கன்ட்ரோல்னு சொல்றீங்களே, அது என்ன?

எடை எந்த டயர் மேல உக்காந்திருக்குன்னு உடம்புல தெரியறதும், அத நாம நினைச்ச இடத்துக்கு நாம நினைச்ச வேகத்துல அனுப்பறதும். மத்ததெல்லாம் இதுக்குள்ள அடங்கிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 1,500 கிலோ கார், முன்னாடி பாதி பின்னாடி பாதி எடை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.5 மீட்டர், எடையோட மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துல. நல்லா பலமா, 1 ஜி அளவுக்கு (காரோட எடை எவ்ளோவோ அவ்ளோ விசை) பிரேக் போட்டா கிட்டத்தட்ட 300 கிலோ பின்னாடி இருந்து முன்னாடி போயிடும். நிக்கறப்ப 750, 750-ன்னு இருந்தது இப்ப முன்னாடி 1,050, பின்னாடி 450. அந்த நேரத்துல ஸ்டியரிங்கத் திருப்பினா முன்பக்கம் கடிச்சுக்கிட்டு திரும்பும், பின்பக்கம் பிடிமானம் இல்லாம சுத்தி வரப் பாக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா நேர் எதிர், மூக்கு லேசாயிடும், திருப்பினாலும் நேராப் போகும். அதாவது உங்க காலும் ஒரு ஸ்டியரிங்தான். இது உடம்புல ஏறினப்புறம்தான் மனசுக்குள்ள கார் ஓட்டறதே மாறும்.

டயருக்கு இருக்கற பிடிமானம் ஒரே பைசாதான், அதை பிரேக்குக்கும் திருப்பறதுக்கும் பங்கு போட்டுக்கணும். முழுசா பிரேக்குக்கு குடுத்துட்டு அதே நேரத்துல திருப்பவும் கேட்டா கிடைக்காது. பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விட விட ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பறது, அதுக்குப் பேர்தான் டிரெயில் பிரேக்கிங், பெரிய வித்தைன்னு பயப்பட வேண்டாம், அந்த ஒரே பைசாவை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு சிந்தாம மாத்தறதுதான்.

வேகத்துக்கும் பிடிமானத்துக்கும் உள்ள உறவையும் மனசுல வெச்சுக்கோங்க. 20 மீட்டர் ஆரம் உள்ள வளைவுல 1 ஜி பிடிமானத்தோட மணிக்கு 50 கிலோமீட்டர்ல போலாம். அதுல வெறும் 5 கூட்டி 55-ல போகணும்னா அஞ்சுல ஒரு பங்கு கூடுதல் பிடிமானம் வேணும். அது டயர்ல இல்ல. அதனாலதான் "கொஞ்சமாத்தானே வேகமா வந்தேன், ஏன் இவ்ளோ வெளிய போச்சு"ன்னு எல்லாரும் கேக்கறாங்க.

ஸ்டியரிங்கத் திருப்பறேன், கார் நேராப் போகுது. என்ன பண்ணணும்?

அண்டர்ஸ்டியர். இன்னும் திருப்பணும்னு கை துடிக்கும், அதை மட்டும் செய்யாதீங்க. முன் டயர் ஏற்கனவே தன்னால முடிஞ்ச கோணத்தைத் தாண்டிடுச்சு, இன்னும் திருப்பினா ரப்பரைத் தேய்க்கறீங்க, அவ்ளோதான். ஸ்டியரிங் கையில கனமா இருந்தது திடீர்னு லேசாகும், டயரோட சத்தம் உறுமல்ல இருந்து கரகரன்னு மாறும், அதுதான் அடையாளம். கொஞ்சம் ஸ்டியரிங்கைத் தளர்த்துங்க, ஆக்ஸிலரேட்டரை லேசா விடுங்க, அரை செகண்ட் காத்திருங்க. அந்தக் காத்திருக்கறதுதான் இந்த விளையாட்டுலயே கஷ்டமான வேலை, என்னைக் கேட்டா.

உண்மையில தப்பு நடந்தது அங்க இல்ல, அதுக்கு முன்னாடி, வளைவுக்குள்ள நுழைஞ்ச வேகத்துல. ஆடத் தெரியாதவளுக்கு கூடம் கோணல்னு சொல்ற மாதிரி "என் காருக்கு அண்டர்ஸ்டியர் ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டு சஸ்பென்ஷன் மாத்தப் போறவங்க நிறைய. அதே காரை இன்னொருத்தர் ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து பாருங்க, பல நேரம் அந்த அண்டர்ஸ்டியர் இருக்காது.

பின்பக்கம் சுத்துதே?

ரெண்டு விதமா வரும். ஒண்ணு ஆக்ஸிலரேட்டர் அதிகமா மிதிச்சு பின் டயர் சுழன்று வழுக்கறது, இது பவரான காருக்கு சொல்லவே வேண்டாம், காலை மெதுவா கொஞ்சம் எடுத்தா சரியாகும். இன்னொண்ணு நடு வளைவுல பயந்து காலை வெடுக்குன்னு எடுக்கறது. எடை முன்னாடி பாயும், பின்பக்கம் லேசாகி சுத்தும். இது ரொம்ப வேகமா நடக்கும்.

எனக்கு நடந்தத சொல்றேன். நீளமான இடது வளைவு, அது முடியற இடத்துல ஸ்லாலம் (வரிசையா நிக்கற கோனை இடது, வலதுன்னு மாத்தி மாத்தி வளைஞ்சு போற இடம்). நாலாவது ரன், மூணாவது ரன்ல நல்ல நேரம் வந்ததால இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாம்னு நுழைஞ்சேன். பாதி வளைவுல பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்த மாதிரி இடுப்புல தெரிஞ்சுது. கால் தானா எழும்பிடுச்சு. பின்பக்கம் வலது பக்கமா வீசுச்சு, நானும் வலது பக்கமா ஸ்டியரிங்கை ஒடிச்சு பிடிச்சிட்டேன், பிடிச்ச சந்தோஷத்துல திரும்ப நேராக்க லேட் பண்ணிட்டேன், அடுத்த நொடி அது எதிர்ப்பக்கமா, முன்ன விட ரெண்டு மடங்கு வேகமா வீசி ஸ்லாலத்தோட முதல் மூணு கோனையும் அடிச்சுக்கிட்டு பின்னாடி பாத்து நின்னுச்சு. இன்ஜின் அணைஞ்சு போச்சு. ரப்பர் வாடை, அப்டி ஒரு அமைதி. கோன் வேலையில இருந்தவர் ஓடி வந்து முன் பம்பருக்கு அடியில சிக்கியிருந்த கோனை இழுத்து எடுத்தார், அது உரசிக்கிட்டு வெளிய வர்ற சத்தம் இன்னும் காதுல இருக்கு. திரும்ப வந்து நிறுத்தினதும் இன்ஸ்ட்ரக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எதைப் பாத்துட்டு இருந்தீங்க?" முதல் கோனைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

அன்னைக்குப் புரிஞ்சது ரெண்டு. பின்பக்கம் நகர்றப்ப காலை முழுசா எடுக்கக் கூடாது, லேசா, ஒரு விரல் அளவுக்கு. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் திருப்பறது பாதி வேலைதான், கார் திரும்பி வர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங்கை நேராக்க ஆரம்பிக்கறதுதான் மீதிப் பாதி, ரெண்டாவது வீச்சுலதான் முக்கால்வாசி பேர் மாட்டிக்கறாங்க. பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சிட்டா போராடாதீங்க, கிளட்சையும் பிரேக்கையும் சேத்து அழுத்திட்டு கார் நிக்கற வரைக்கும் விடாதீங்க.

மிட் இன்ஜின், ரியர் இன்ஜின் காருக்கு தனியா பழகணுமா?

பழகணும். கனமான பொருளெல்லாம் நடுவுல இருக்கற கார் சீக்கிரமா திரும்ப ஆரம்பிக்கும், அது நல்லது, ஆனா வழுக்க ஆரம்பிச்சாலும் அதே மாதிரி சீக்கிரமாத்தான் சுத்தும். போர்ஷே 911-ல இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னாடி தொங்குது, அதனால கிளம்பறப்ப பின் டயர் நல்லாக் கடிக்கும், வளைவுல காலைத் திடீர்னு எடுத்தா அந்த எடை கடிகாரப் பெண்டுலம் மாதிரி இழுக்கும். கார்வெட் 2020 மாடல்ல இருந்து மிட் இன்ஜினா மாறிடுச்சு, முன் இன்ஜின் கார்வெட்ல பழகினவங்க அதுக்கு மாறினா முதல்ல நிதானமா ஓட்டிப் பாருங்க. இந்த மாதிரி கார்ல எல்லாம் நுழையற வேகத்த முன்னாடியே முடிச்சிட்டு, வளைவுக்குள்ள கால் ஆக்ஸிலரேட்டர் மேல மெலிசா நிலையா இருக்கணும். சந்தேகமா இருந்தா மெதுவா நுழைங்க, உள்ள போய் சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க.

ஸ்லாலத்துல முதல் ரெண்டு கோன் நல்லாப் போகுது, அப்புறம் கலையுது. ஏன்?

ஏன்னா ரெண்டாவது கோன்லயே கலைஞ்சிடுச்சு, உங்களுக்கு நாலாவதுலதான் தெரியுது.

கோனுக்கும் கோனுக்கும் 18 மீட்டர்னு வெச்சுக்கோங்க, 60-ல போனா ஒரு கோனுக்கு ஒரு செகண்டை விட ஒரு துளி ஜாஸ்தி. அந்த நேரத்துக்குள்ள கார் ஒரு பக்கம் சாஞ்சு, நிமிந்து, அடுத்த பக்கம் சாயணும். ஊஞ்சல் தள்ற மாதிரிதான் இது. ஊஞ்சல் திரும்பற அந்த இடத்துல தொட்டாலே போதும், வர்றப்ப எதிர்த்துத் தள்ளினா கைதான் வலிக்கும். முன் சக்கரம் கோனைத் தாண்டறப்பவே கை அடுத்த பக்கத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சிருக்கணும், கோனுக்கு ரொம்பப் பக்கத்துல போக வேண்டியது பின் சக்கரம்தான். புதுசா ஓட்டறவங்க கோன் பக்கவாட்டுல வந்தப்புறம் திருப்புவாங்க, அது ஒவ்வொரு கோனுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தாமதமாகி, அஞ்சாவது கோன்ல கார் பாதைய விட்டு வெளிய இருக்கும்.

லேட் ஆயிட்டோம்னு தெரிஞ்சா அந்த இடத்துலயே லேசா காலை எடுங்க, ஒரு மூச்சு அளவுக்கு. அங்க குடுத்த ஒரு பங்கு வேகம் பின்னாடி அஞ்சு பங்கா திரும்ப வரும். கையை இன்னும் வேகமா ஆட்டி சமாளிக்கலாம்னு போனா கண்டிப்பா ஒரு கோன் போயிடும்.

எங்க பாக்கணும்?

அடுத்த கோனுக்கு அடுத்த கோனை. 60-ல ஒரு செகண்டுக்கு 16, 17 மீட்டர் போயிடறீங்க, கிட்டத்துல இருக்கற கோனைப் பாத்து இனி ஒண்ணும் செய்ய முடியாது, அது முடிஞ்சு போன விஷயம். வளைவு நல்லா மடங்கியிருந்தா முன் கண்ணாடி வழியா இல்ல, பக்கத்து ஜன்னல் வழியாப் பாக்க வேண்டி வரும், தலையைத் திருப்புங்க, கண்ணை மட்டும் இல்ல. கண்ணு போன பக்கம்தான் கை போகும். இது கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா ஒருத்தரோட நேரத்த ஒரே நாள்ல செகண்ட் கணக்குல குறைச்சத நான் பாத்தது இது ஒண்ணுலதான்.

காலையில எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்காங்களே?

பாதைய நடந்து பாக்கறாங்க. நீங்களும் மூணு தடவையாவது நடங்க. முதல் தடவ பாதை எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும். நிக்கற கோன் பக்கத்துல ஒரு கோன் படுத்திருந்தா அதோட நுனி காட்டற பக்கமாத்தான் போகணும், காருக்கும் படுத்திருக்கற கோனுக்கும் நடுவுல நிக்கற கோன் இருக்கணும், அதைப் படிக்கப் பழகிக்கோங்க. ரெண்டாவது தடவ எங்க பிரேக், எங்க காலை எடுக்கறதுன்னு. மூணாவது தடவ தனியா, யார்கூடவும் பேசாம, கார் சீட்ல உக்காந்தா கண்ணு எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிஞ்சு பாத்துக்கிட்டே போங்க, நின்னு பாக்கறப்ப தெளிவா இருந்த பாதை உக்காந்தா வெறும் கோன் கடலா இருக்கும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு முழுப் பாதையும் மனசுல ஓட்ட முடியுதான்னு பாருங்க, எங்க தடுமாறுதோ அங்க திரும்ப நடங்க.

ஈஎஸ்சி, டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் ஆஃப் பண்ணணுமா?

முதல் நாள் வேண்டாம். ஈஎஸ்சின்னா கார் வழுக்கறப்ப தானா பிரேக் போட்டு நேராக்கப் பாக்கற எலக்ட்ரானிக் அமைப்பு, டிராக்‌ஷன் கன்ட்ரோல் சக்கரம் சும்மா சுழலாமப் பாத்துக்கறது. 1995-ல மெர்சிடிஸ் கார்ல முதல்ல வந்த ஈஎஸ்சி இன்னைக்கு பல நாடுகள்ல புது காருக்கெல்லாம் கட்டாயமா இருக்கறது காரணம் இல்லாம இல்ல. முதல் நாள் அதை ஆன்ல வெச்சுட்டு எங்கெங்க அந்த மஞ்சள் விளக்கு மின்னுதுன்னு கவனிங்க, அந்த ஒவ்வொரு மின்னலும் உங்க கையோ காலோ அவசரப்பட்ட இடம். விளக்கு மின்னாம ஒரு ரன் ஓட்டினீங்கன்னா அடுத்த கட்டம், நடுவுல ஒரு ஸ்போர்ட் மோடு இருந்தா அது. முழுசா ஆஃப் பண்ணறது பக்கத்துல தெரிஞ்சவங்க உக்காந்திருக்கறப்ப. ஏபிஎஸ்ஸை எப்பவும் ஆஃப் பண்ண வேண்டாம். சில கார்ல மேடு பள்ளமான இடத்துல திடீர்னு பிரேக்கை அடிச்சா ஏபிஎஸ் குழம்பிப் போய் பெடல் கல்லு மாதிரி ஆகி கார் நிக்காம போகும், ஐஸ் மோடுன்னு சொல்லுவாங்க. அப்டி ஆனா பெடலை விட்டுட்டு திரும்ப மிதிங்க, அடிக்காம அழுத்திப் பழகினா பெரும்பாலும் வராது.

முதல்ல எதை மாத்தணும்? டயரா, சஸ்பென்ஷனா?

எதையும் மாத்தாதீங்க, ஒரு சீசன். சாதாரண நல்ல சம்மர் டயர் எல்லைக்கு வர்றப்ப சத்தம் போட்டு சொல்லும், மெதுவா விடும், கத்துக்க அதுதான் நல்லது. பக்கச் சுவர்ல டிரெட்வேர் 200-ன்னு போட்ட (தேய்மானத்தைக் காட்டற எண், குறைவா இருந்தா சீக்கிரம் தேயும்) ஒட்டற டயர் எல்லாம் அப்புறம்.

காத்து மட்டும் பாருங்க. கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல போட்ட அளவுல ஆரம்பிங்க, டயர் ஓரத்துல சாக்பீஸால தோள்ல இருந்து பக்கச் சுவர் வரைக்கும் கோடு போடுங்க, ரன் முடிஞ்சு வந்து எது வரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாருங்க. டயர்ல தோள் பக்கம் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், அதைத் தாண்டி கீழ அழிஞ்சிருந்தா டயர் மடங்குது, கொஞ்சம் ஏத்துங்க. எட்டவே இல்லன்னா கொஞ்சம் இறக்கலாம். ஓட ஓட சூடாகி காத்து ஏறும், ஒவ்வொரு ரன்னுக்கும் அளந்து எழுதி வெச்சுக்கோங்க.

கார் கெட்டுப் போகுமா?

டயர் தேயும், குறிப்பா முன் டயரோட வெளி ஓரம். கிளட்சை அலற விட்டுக் கிளம்பினா கிளட்ச் தேயும், கத்துக்க வந்தவங்களுக்கு அந்தக் கிளம்பற வித்தை தேவையே இல்ல, சாதாரணமா எடுங்க. கோன் பட்டா ஆரஞ்சுக் கறை படியும், பெரும்பாலும் துடைச்சா போயிடும், ஆனா பம்பருக்கு அடியில தொங்கற மெலிசான பிளாஸ்டிக் உதடு இருந்தா அது உடையலாம். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழ இருந்தா நீளமான வளைவுல ஒரு ஓரமா ஒதுங்கி இன்ஜின் இருமும், இன்ஜின் ஆயில் அளவு குறைவா இருந்தா அது அதை விட மோசம், ரெண்டையும் காலையில பாத்துடுங்க. ரன் முடிஞ்சதும் ஹேண்ட் பிரேக் இழுத்து வெக்காதீங்க, கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

இன்சூரன்ஸ்?

நேரம் எடுத்து நடத்தற போட்டிக்கு செல்லாதுன்னு நிறைய பாலிசியில எழுதியிருக்கும். உங்க பாலிசிய நீங்களே எடுத்து படிங்க, வாரண்டி புத்தகத்தையும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஹெல்மெட் (எந்தத் தரச் சான்று வேணும்னு நடத்தறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, பல இடத்துல இரவலும் கிடைக்கும்), அடிப்பகுதி மெலிசான ஷூ, காத்து அளக்கற மீட்டர், தண்ணி, தொப்பி. காருக்குள்ள இருக்கற எல்லாத்தையும் வெளிய எடுங்க, டிரைவர் பக்கத்து மேட்டு உட்பட, அது நகர்ந்து பெடலுக்கு அடியில போயிடும். வீல் நட் சரியான முறுக்குல இருக்கா, பேட்டரி அசையாம இருக்கா, பிரேக் பேட் மிச்சம் இருக்கான்னு, நடத்தறவங்க காரை சோதிக்கறதுக்கு முன்னாடி நீங்களே பாத்துடுங்க.

உக்கார்ற விதம் முக்கியமா?

ரொம்ப. முதுகு சீட்ல ஒட்டியிருக்கறப்ப கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங்கோட மேல் விளிம்புல படணும், கிளட்சை முழுசா மிதிச்சப்புறமும் முட்டி லேசா மடங்கியிருக்கணும். சீட்டைப் பின்னாடி தள்ளி, பெல்ட்டை வெடுக்குன்னு இழுத்துப் பூட்டி, அப்டியே சீட்டை முன்னாடி கொண்டு வந்தா இடுப்பு இறுகி நிக்கும். உடம்பு ஆடினா ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் தொங்குவீங்க, தொங்கற கைக்கு டயர் என்ன சொல்லுதுன்னு கேக்காது.

கடைசி இடத்துலதான் வர்றேன், நான் முன்னேறறேனான்னு எப்டித் தெரியும்?

மத்தவங்க நேரத்தோட ஒப்பிடாதீங்க, அவங்க பத்து வருஷமா இதே பழக்கத்துல இருக்கறவங்க. சித்திரமும் கைப்பழக்கம்னு சொன்னது இதுக்கும்தான். அன்னைக்கு உங்க முதல் ரன்னுக்கும் கடைசி ரன்னுக்கும் வித்தியாசம் பாருங்க. அதை விட நல்ல அளவுகோல் ஒண்ணு இருக்கு, ரன் முடிஞ்சு வந்தப்புறம் எவ்ளோ ஞாபகம் இருக்கு? முதல் நாள் "எல்லாம் வேகமாப் போச்சு"ன்னுதான் சொல்ல வரும். கொஞ்ச நாள் போனா "மூணாவது கேட்டுல சீக்கிரம் திருப்பிட்டேன், வெளிய வர்றப்ப காத்திருக்க வேண்டி இருந்துச்சு"ன்னு சொல்லுவீங்க. அப்டி சொல்ல வந்துட்டா நேரம் தானா குறையும்.

முதல் நாள் எப்டி ஓட்டணும்?

முதல் ரன் பாதைய மட்டும் கண்டுபிடிச்சு ஓட்டுங்க, நேரத்தைப் பாக்கவே வேண்டாம். ரெண்டாவது ரன்ல இருந்து இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்துல உக்கார வைங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரே ஒரு விஷயம், இந்த ரன்ல கண்ணு மட்டும், அடுத்ததுல பிரேக்கை விடற விதம் மட்டும். கடைசிக்கு முந்தின ரன்ல வேணும்னே மெதுவா, ஒரு சத்தம் கூட டயர்ல இருந்து வராம ஓட்டிப் பாருங்க. வந்து ஹெல்மெட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி பலகையில அந்த நேரத்தைப் பாருங்க, அப்புறம் அதைப் பத்தி இன்ஸ்ட்ரக்டர்கிட்ட பேசிட்டு கடைசி ரன்னுக்குப் போய் வரிசையில நில்லுங்க.